கச்சிதமும் அன்னாசிச் சட்டையும்

லிஃப்டில் முன்னால் நிற்கிறவரின் காலர் மடங்கியிருந்தால் கச்சிதத்தால் மூன்றாவது மாடி வரைதான் பொறுத்துக்கொள்ள முடியும். நான்காவதில் கை தானாக நீண்டுவிடும். "ஒரு நிமிஷம், அசையாதீங்க" என்று சொல்லி, ஆட்காட்டி விரலை உள்ளே விட்டுக் காலரை வெளியே இழுத்து, தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முன்பின் தெரியாதவர்கள் முதலில் திடுக்கிடுவார்கள், பிறகு நன்றி சொல்வார்கள். ஒரே ஒருவர்தான், "இது இப்படித்தான் தெச்சிருக்குங்க" என்றார். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவமானமாக இருந்தது என்று இல்லை. அப்படியும் ஒரு காலரைத் தைக்கிற மனிதர்கள் இருக்கிறார்களே என்ற வேதனை.

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வேறு. அந்தக் குடியிருப்பில் இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரரே தலையைச் சொறிவார். உடைகளைப் பற்றி எழுதுகிற தன் வலைப்பூவுக்கு அவள் 'கச்சிதம்' என்று பெயர் வைத்தாள். அது வலைப்பூவை விட்டு இறங்கி அவள்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. "கச்சிதம் வீட்ல இருக்காங்களா?" என்றுதான் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டுவாள். தட்டுவதற்கு முன்னால் தன் மேல்சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொள்வாள். பயம்தான்.

பகலில் கச்சிதத்துக்கு ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. அங்கே எல்லாருக்கும் வெளிர் பச்சைச் சீருடை. பாக்கெட்டில் சிரிக்கிற பல் ஒன்று. ஊருக்கெல்லாம் உடுக்கக் கற்றுத்தருகிறவள், விழித்திருக்கிற நேரத்தில் பாதியைப் பற்பசை நிறத்தில் கழிக்கிறாள். டாக்டருக்குத் தெரியாமல் இடுப்பில் ஒரு பிடி பிடித்துத் தைத்திருக்கிறாள். அந்த மட்டுக்கும் ஆறுதல். கன்னம் வீங்கி வந்து உட்காருகிற நோயாளிகளும் அவளிடம் தப்புவதில்லை. "வீக்கம் இந்தப் பக்கம்தானே? ஸ்கார்ஃப் முடிச்சை அந்தப் பக்கம் போடுங்க. பார்க்கிறவங்க கண்ணு அங்க போயிடும்." பல்வலியில் வாயைத் திறக்க முடியாதவர்கள் தலையை மட்டும் ஆட்டுவார்கள். எதிர்த்துப் பேச முடியாத வாசகர்கள் ஓர் எழுத்தாளருக்குக் கிடைப்பது சாதாரணமா?

மாலையில் வீடு திரும்பியதும் சாப்பாட்டு மேசையின் ஜன்னல் பக்கத்துப் பாதி அலுவலகமாகிவிடும். அந்தப் பாதியில் உப்பு டப்பா வைக்கக்கூடாது. மடிக்கணினி திறந்திருக்கும்போது கணவன் அவளை 'ம்மா' என்று கூப்பிடக்கூடாது. "வீடு வேற, ஆஃபீஸ் வேறங்க. எதையும் புரொஃபஷனலா செய்யணும்." இந்தச் சொல்லை அவள் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறாள் என்று எண்ண முடியாது. வெங்காயம் நறுக்கும்போதுகூடச் சொல்வாள்.

மின்னஞ்சல்களுக்கு அவள் 'கச்சிதம் ஆசிரியர் குழு' என்று கையெழுத்திட்டுப் பதில் போடுவாள். 'தங்கள் கருத்தை நாங்கள் பரிசீலித்தோம்' என்று தொடங்கும். கணவன் ஒருநாள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டான்.

"நாங்கள்னா யார் யாரு?"

"நானும் நீங்களும்தான்."

"நான் எப்பப் பரிசீலிச்சேன்?"

"நீங்க ஃபோட்டோ டிபார்ட்மென்ட். உங்களைக் கேக்க வேண்டியதில்ல."

ஃபோட்டோ டிபார்ட்மென்டுக்குச் சொந்தத் தொழில் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் தரைக்குச் சமமாக வந்து நிற்கிறதா, ஒரு மயிரிழை தூக்கியிருக்கிறதா என்று உள்ளங்காலாலேயே சொல்லிவிடுவான். அதே மனிதன் கைப்பேசியில் படம் எடுத்தால் உலகமே ஒரு பக்கமாகச் சாயும். மாடிப்படி வளைவில் நல்ல வெளிச்சம் விழும் என்பதால் அங்கேதான் படப்பிடிப்பு. கச்சிதம் சுவரில் ஒரு காலை ஊன்றி, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்ப்பாள். இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்குவான். அவள் ஓடி வந்து படத்தைப் பார்ப்பாள்.

"கால் கட் ஆகுதுங்க!"

"எந்தக் காலு?"

"ரெண்டும்."

மாடி ஏறி இறங்குகிறவர்கள் காய்கறிப் பையோடு ஓரமாக ஒதுங்கி நின்று, படம் முடிந்ததும் போவார்கள். ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு, "அந்த நீலச் சட்டை நல்லாருந்துச்சே, ஏன் மாத்திட்டீங்க?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஒரு கட்டுரை. காய்ச்சல் வந்தாலும் தவறாது. அகலத் தோள்காரர்களுக்கு எந்தக் கழுத்து, குள்ளமானவர்கள் கோட்டின் நீளத்தை எங்கே நிறுத்த வேண்டும், பழைய கறுப்பு பேன்டைக் கறுப்பாகவே வைத்திருப்பது எப்படி. எழுதுவதெல்லாம் உபயோகமானவைதான். ஆனால் உபயோகமானதை யார் படிக்கிறார்கள்? எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற கோடு கணினியில் துணி காயப்போட்ட கொடி மாதிரி தொய்ந்தே கிடந்தது. முதல் வருடம் வந்த பின்னூட்டங்களில் பாதி ஒரே ஆளுடையவை. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, 'சூப்பர்மா' என்று ஒரு வார்த்தையும் மூன்று ரோஜாப் படங்களும். போட்டவர் நாத்தனார்.

நாத்தனார் கணவனின் அக்கா. ஒரு திரைச்சீலைக் கடையில் துணி அளந்து வெட்டுகிற வேலை. ஆள் நல்ல உயரம், உயரத்துக்கேற்ற அகலம், அகலத்துக்கேற்ற குரல். கடையில் மிஞ்சுகிற துண்டுகளை வீணாக்க மனம் வராமல் அவற்றில் சட்டை தைத்துப் போட்டுக்கொள்வார். அதனால் அவர் வந்து சோஃபாவில் உட்கார்ந்தால் யாரோ ஒரு வரவேற்பறையே வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும். ஒருநாள் பெரிய பெரிய ரோஜாக்கள், இன்னொரு நாள் பாய்மரக் கப்பல்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். வந்ததும் கச்சிதத்தின் விரல்கள் துறுதுறுக்கும். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கணவனின் அக்காவுக்குக் காலர் திருத்த அவளுக்கும் தைரியமில்லை.

கணவனின் பிறந்தநாளுக்கு நாத்தனார் புதுச் சட்டையில் வந்தார். மஞ்சள் தரையில் முழ உயர அன்னாசிப் பழங்கள், ஒவ்வொரு அன்னாசியின் தலையிலும் ஒரு கிளி. "கெட்டித் துணி, பத்து வருஷத்துக்குக் கிழியாது" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கணவன் சந்தோஷத்தில் படம் எடுத்தான். அதிசயமாக அது சாயவில்லை.

அந்த வாரம் முழுக்க மழை. மாடிப்படி வளைவில் வெளிச்சமே இல்லை. வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, கையில் கட்டுரை இல்லை. கச்சிதம் கைப்பேசியில் இருந்த படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். அன்னாசிகளில் விரல் நின்றது. கொஞ்சம் யோசித்தாள். பிறகு படத்தின் மேல் ஓரத்தைப் பிடித்துக் கழுத்து வரை இறக்கினாள். முகம் போய்விட்டது. இனி யார் என்று யாருக்குத் தெரியும்? 'ஜன்னலுக்குத் தைப்பதை உடம்புக்குப் போடலாமா?' என்று தலைப்பு வைத்தாள். எழுத உட்கார்ந்ததும் வார்த்தைகள் மடமடவென்று வந்தன. 'இவரைப் பார்த்ததும் எழுந்து போய் ஒதுக்கிவிட்டு வெளியே வேடிக்கை பார்க்கத் தோன்றுகிறது' என்ற வரியை எழுதிவிட்டுத் தானே சிரித்தாள்.

மறுநாள் அந்தக் கோடு எழுந்து நின்றது. கொடி மாதிரி கிடந்தது கொடிக்கம்பமாகிவிட்டது. யார் யாரோ யார் யாருக்கோ அனுப்பியிருந்தார்கள். சிரித்தவர்கள் பாதி. மீதிப் பேர், 'இந்தச் சட்டை எங்கே கிடைக்கும்?' என்று கேட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக் கச்சிதத்துக்கு உலகத்தின் மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஆனால் அதற்குள் ஒரு பெரிய துணிக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. தங்கள் விளம்பரத்தோடு இதே மாதிரி வாரம் ஒரு படம், 'அணியக்கூடாதவை' என்று ஒரு தொடர், செய்ய முடியுமா? அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கடிதத்தை நேராக உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். இத்தனை நாளாகச் சொல்லிவந்த 'புரொஃபஷனல்' கடைசியில் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டது.

திரைச்சீலைக் கடைக்கும் அந்தப் படம் போய்ச் சேர்ந்தது. ஒரு பெண் கைப்பேசியை நீட்டி, "இந்த டிசைன் இருக்குங்களா?" என்று கேட்டிருக்கிறாள். நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தன் வயிறு. தன் கைகள். கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. கீழே எழுதியிருந்ததையும் முழுசாகப் படித்தார். பிறகு கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இருக்கு. எத்தனை மீட்டர் வேணும்?" என்று கேட்டு, அளந்து வெட்டி, மடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய்க் கட்டுரைக்குக் கீழே ரோஜாக்கள் இல்லை. கணவன் அக்காவுக்குப் பேசினான். "வேலை இருக்குடா" என்று வைத்துவிட்டார். அக்காவோடு கடையில் வேலை செய்கிறவர் சொல்லித்தான் அவன் வலைப்பூவைத் திறந்தே பார்த்தான். இத்தனை நாள் படம் எடுத்துக் கொடுத்தவன், படித்தது அதுதான் முதல் தடவை.

"இது எங்க அக்கா."

"முகம் தெரியலையேங்க."

"எனக்குத் தெரிஞ்சுதே."

"நீங்க சட்டையை வெச்சு..."

"கையை வெச்சு. அந்தக் கையால வாங்காத அடியா?" என்று சொல்லிவிட்டு அவன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனான். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். செருப்பை மெதுவாக மாட்டிக்கொண்டு போகிறவனிடம் என்ன சொல்வது?

கட்டுரையை எடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். பொத்தான் வரை விரல் போயிற்று. பக்கத்திலேயே அந்தக் கோடு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. விரல் திரும்பி வந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் வேறு பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பார்த்துக் கடைசியில் நாத்தனாருக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'சமீபத்திய பதிவு தங்கள் மனத்தைப் புண்படுத்தியிருந்தால் நாங்கள் வருந்துகிறோம்.' அனுப்பிவிட்டுப் படித்தபோது அவளுக்கே பல்லில் கல் கடித்தது போலிருந்தது. நாத்தனார் படித்துவிட்டார் என்று கைப்பேசி காட்டியது. பதில் இல்லை.

மறுநாள் மருத்துவமனையில் ஒருவரைத் தவறான பல்லுக்குப் பதிவு செய்தாள். இன்னொருவரின் காலர் மடங்கியே இருந்தது, அவள் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும், உடை மாற்றக்கூட நிற்காமல், பற்பசைச் சீருடையிலேயே திரைச்சீலைக் கடைக்குப் போனாள். அந்தச் சீருடையில் அவளை வெளியே யாரும் பார்த்ததில்லை.

நாத்தனார் நீண்ட மேசையில் ஒரு துணியை விரித்து அளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

"அந்த முனையைப் புடி."

கச்சிதம் பிடித்தாள். நாத்தனார் அளந்து, கத்தரித்து, மடித்தார்.

"ஏம்மா, நாங்கள் வருந்துகிறோம்னு போட்டிருந்தியே, அது யாரு? என் தம்பியையும் சேத்தியா?"

"இல்ல அண்ணி. நான் மட்டும்தான்."

"அப்படிச் சொல்லு."

"அதை எடுத்துடறேன் அண்ணி. இப்பவே எடுத்துடறேன்."

"எடுத்தா? எடுத்துட்டா என் தலை வந்துடுமா?"

கச்சிதத்துக்குப் புரியவில்லை. நாத்தனார் மடித்த துணியை மேசைமேல் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

"நீ கிண்டல் பண்ணினது பரவாயில்ல. ஒதுக்கிட்டு வேடிக்கை பார்க்கலாம்னு எழுதியிருந்தியே, அதுக்கு நானே சிரிச்சேன். தலையை ஏன் எடுத்த?"

"யாருன்னு தெரியக்கூடாதுன்னு..."

"எனக்குத் தெரியுமே. என்னை யாரும் முழுசா ஃபோட்டோ எடுத்ததே கிடையாது, தெரியுமா உனக்கு? 'நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க, மத்தவங்க மறையறாங்க'ம்பாங்க. சின்ன வயசுலேர்ந்து இதேதான். உங்க கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாரு. ஓரத்துல ஒரு முழங்கை இருக்கும். நான்தான் அது. உன் பேப்பர்லதான் மொத தடவையா நட்டநடுவுல நிக்கறேன். அதுலயும் தலை இல்ல."

சொல்லிவிட்டு, கெட்ட நகைச்சுவை ஒன்றைச் சொன்னவர் மாதிரி தானே சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கைக்குக் கிடைத்தது ஒரு துண்டுத் திரைச்சீலை.

அந்த ஆல்பத்தைக் கச்சிதம் எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறாள். தன் தலைப்பூ சரிந்திருப்பதுதான் ஒவ்வொரு தடவையும் கண்ணில் படும். முழங்கையை அவள் பார்த்ததே இல்லை.

"அண்ணி, இன்னொரு படம் எடுக்கட்டுமா? முழுசா."

"எடுத்து என்ன எழுதுவ?"

கச்சிதத்துக்குப் பொய் சொல்ல அதுதான் நல்ல நேரம். ஆனால் விஷயம் உடையைப் பற்றியது. "எனக்கு அந்தச் சட்டை புடிக்கலை அண்ணி. புடிக்கலைன்னுதான் எழுதுவேன்."

நாத்தனார் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பாக்கெட்டில் சிரித்துக்கொண்டிருந்த பல்லைப் பார்த்தார். "இந்த உடுப்பைப் போட்டுக்கிட்டு நீ என்னைச் சொல்ற" என்றார். இந்தத் தடவை சிரிப்பு ஒழுங்காக வந்தது, கடையின் கடைசி அலமாரி வரை கேட்டது. "எழுது. தாராளமா எழுது. ஆனா கீழ நானும் எழுதுவேன். எனக்கு எது பிடிச்சிருக்கு, ஏன் பிடிச்சிருக்குன்னு. வெட்டக்கூடாது."

"வெட்ட மாட்டேன்."

அன்று வீட்டுக்கு வந்ததும் கச்சிதம் பழைய படத்தை வலைப்பூவிலிருந்து நீக்கினாள். கோட்டின் பக்கம் பார்க்காமல்தான் நீக்கினாள். பிறகு துணிக் கம்பெனிக்குப் பதில் எழுதினாள். தொடர் செய்யச் சம்மதம். ஆனால் படத்தில் இருப்பவருக்குத் தலையும் இருக்கும், பதில் சொல்ல இடமும் இருக்கும். ஆசிரியர் குழு என்று கையெழுத்திடவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயரைப் போட்டாள். கம்பெனியிலிருந்து அப்புறம் ஒரு வரியும் வரவில்லை. கணவன் மெதுவாக விசாரித்தபோது, "அவங்களுக்கு இப்ப தள்ளுபடி சீசன்ங்க. பிஸியா இருப்பாங்க" என்றாள். ஆனால் மூன்று நாள் உப்பு டப்பா அலுவலகப் பாதியில் கிடந்தது.

அடுத்த ஞாயிறு காலை, திரைச்சீலைக் கடையின் வாசலில் படப்பிடிப்பு. கடைக்கு விடுமுறை. நாத்தனார் சட்டையை மாற்றிவிட்டிருந்தார். அன்னாசிகளை எல்லாரும் பார்த்தாகிவிட்டதாம். இப்போது ஊதாத் தரையில் மீன்கள், ஒவ்வொன்றும் முறத்தளவு. காலில் புதுச் சிவப்புச் செருப்பு. கச்சிதம் கண்ணை ஒருமுறை மூடித் திறந்துகொண்டாள். அவள் அன்று வெள்ளை பேன்ட்டும் இஸ்திரி மடிப்புக் கலையாத வெளிர்நீலச் சட்டையும் போட்டு, தலைமுதல் கால்வரை கச்சிதமாக இருந்தாள்.

கணவன் கைப்பேசியைத் தூக்கினான். நாத்தனார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகளை ஒட்டிவைத்து நின்றார்.

"அக்கா, கொஞ்சம் குனியேன். தலை போகுது."

"குனியச் சொல்லாதீங்க!" என்றாள் கச்சிதம். "நீங்க பின்னால போங்க."

"பின்னால ரோடு."

உண்மைதான். நடைபாதை அகலம் அவ்வளவுதான். பின்னால் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ராத்திரி மழையில் தரை இன்னும் ஈரம். அவள் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டாள். நின்று பார்த்தாள்; திரையில் செருப்பு இல்லை. குனிந்து பார்த்தாள், செருப்பு வந்தது, நெற்றி போயிற்று.

"செருப்பு முக்கியம்மா. இதுக்குன்னே வாங்கினது" என்றார் நாத்தனார், உதட்டை அசைக்காமல்.

"தெரியுது அண்ணி. அசையாதீங்க. நேரா நில்லுங்க."

முட்டி போட்டாள். இன்னும் தலையில் பாதி வெளியே இருந்தது. கணவன், "ம்மா, உன் பேன்ட்டு..." என்று ஆரம்பித்தான். அவள் காதில் விழவில்லை. ஒரு முழங்கையைத் தரையில் ஊன்றினாள், பிறகு அடுத்ததை. காலை நீட்டிக்கொண்டு, வெளிர்நீலச் சட்டையோடு ஈர நடைபாதையில் வயிறு பதியப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள்.